கருவி சொல்லும் ஏ2

இலங்கையின் கிழக்கில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் கரையோர ஊர்களில் தனியார் பல் கிளினிக்குகளில் கூட்டம் சேர்வது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். அரச வைத்தியசாலைக் கடமையை முடித்துக்கொண்டு வைத்தியர் வரவேண்டும். கடைக்காரர் மஃரிப் தொழுகை தாண்டித்தான் கடையை விட்டு எழும்ப முடியும். நோன்பு மாதமென்றால் தராவீஹ் தொழுகை முடிந்த கையோடு வருகிறவர்களும் உண்டு. முன்பல்லுக்குப் பீங்கான் உறை போட நிறம் தெரிவு செய்வதும் இந்த நேரத்தில்தான் நடக்கிறது. பாடநூல்களோ நேரெதிரானதைச் சொல்கின்றன. நிறம் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது, அதிகாலையிலும் அந்தியிலும் ஒளி சிவந்திருக்கும் என்பதால் நடுப்பகலை ஒட்டிய வேளையே நல்லது, பார்க்கிறவரின் கண் களைத்திருக்கக் கூடாது. இரவு எட்டரைக்குக் குழல் விளக்கின் கீழ், நாள் முழுக்க வாய்களுக்குள் பார்த்துக் களைத்த வைத்தியருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கைகூடாது.

பல்லின் நிறம் அளக்கும் டிஜிட்டல் கருவிகளுக்கு இங்கு இருக்கும் முதல் நியாயம் இதுவே. கருவி தன் விளக்கைத் தானே கொண்டு வருகிறது. அதற்குக் களைப்பில்லை. பச்சைச் சுவரோ நோயாளியின் சிவப்புச் சால்வையோ அதன் பார்வையைத் திருப்புவதில்லை. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குப் பிறவியிலேயே மங்கலாக இருக்கும் சிவப்பு–பச்சை வேறுபாட்டைப் பற்றி அது கவலைப்படத் தேவையில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ‘90 சதவீதத்துக்கு மேல் துல்லியம்’ என்ற வாசகத்தோடு விற்கப்படும் ஒரு கருவியை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஆய்வுகளை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். கருவிகள் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சதவீதங்கள் அளப்பது நாம் நினைப்பதை அல்ல.

முதலில், வைத்தியர் வழக்கமாகச் செய்வது என்ன? ஜெர்மனியின் பாட் சாக்கிங்கன் நகரிலுள்ள வீட்டா நிறுவனம் 1956 இல் கொண்டுவந்த 16 பீங்கான் மாதிரிப் பற்கள் கொண்ட ஷேட் கைட்தான் இன்றும் உலகெங்கும் பல் வைத்தியர்களின் பொதுமொழி. செம்பழுப்புச் சாயல் ஏ வரிசை, செம்மஞ்சள் பி, சாம்பல் சி, சிவந்த சாம்பல் டி. வரிசைக்குள் எண் கூடக் கூட நிறம் கனக்கும். மாதிரியைப் பல்லருகே பிடித்துப் பார்த்து ‘ஏ2’ என்றோ ‘ஏ3’ என்றோ சீட்டில் எழுதினால், வேறொரு ஊரில் இருக்கும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் அந்த எழுத்தையும் எண்ணையும் நம்பிப் பீங்கானைச் சுடுவார். நோயாளியை அவர் பார்ப்பதே இல்லை.

இந்த முறையின் ஓட்டைகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. அமெரிக்கரான புரூஸ் கிளார்க் 1931 இலேயே பல்லின் நிறத்தைச் சாயல், வெளிறு, செறிவு என்று மூன்றாகப் பிரித்து அளக்கவேண்டும் என்றார். 1973 இல் ராபர்ட் ஸ்ப்ரவுல் அதே வாதத்தை மன்செல் நிறமுறையின் துணையோடு மறுபடி முன்வைத்தார்: ஷேட் கைட்டுகள் நிறவெளியில் ஒழுங்காகப் பரவியிருக்கவில்லை, சில இடங்களில் நெரிசல், சில இடங்களில் வெற்றிடம். வீட்டா நிறுவனமே 1998 இல் வெளிறை முதலில் தெரிவு செய்யும் ‘3டி மாஸ்டர்’ என்ற புதிய ஒழுங்கைக் கொண்டுவந்தது. ஆனாலும் கிளினிக்குகளில் புழங்கும் சொல் இன்னும் பழைய ஏ2தான்.

கருவிகள் இரண்டு மூன்று வகை. கலரிமீட்டர், மனிதக் கண்ணைப் போல, ஒளியை மூன்று வடிகட்டிகள் வழியாகப் பார்க்கிறது. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இன்னும் நுணுக்கமானது. பல்லிலிருந்து திரும்பும் ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறது. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகவும் இன்னொரு விளக்கின் கீழ் வேறாகவும் தெரியும் இரட்டைக் குணத்தைப் பிடிக்க இதனால்தான் முடியும். மூன்றாவது, வாய்க்குள் முப்பரிமாணப் படம் எடுக்கும் ஸ்கேனர்கள். பல்லின் வடிவத்தை எடுப்பதற்காக வந்த இவை நிறத்தையும் போகிறபோக்கில் சொல்கின்றன. கிடைத்த அளவைக் கருவிகள் பெரும்பாலும் சர்வதேச ஒளியியல் ஆணையம் 1976 இல் வகுத்த சீலேப் முறையில் மூன்று எண்களாக்குகின்றன. ஒன்று வெளிறு, ஒன்று பச்சையிலிருந்து சிவப்பு, ஒன்று நீலத்திலிருந்து மஞ்சள். இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரம் ‘டெல்டா ஈ’.

அந்தத் தூரத்தை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடும் பிற்காலச் சூத்திரங்கள் பல் வைத்தியத்தில் பிறந்தவையல்ல. நூலில் பிறந்தவை. ஸ்கொட்லாந்தின் ஜே அண்ட் பி கோட்ஸ் தையல்நூல் கம்பனியில், ஒரு சாயத்தொட்டி நூலும் அடுத்த தொட்டி நூலும் ஒத்துப்போகின்றனவா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு சூத்திரம் உருவாக்கப்பட்டது. அதைத் திருத்தியெடுத்து, பிரிட்டனின் சாயக்காரர் சங்கத்தின் நிற அளவீட்டுக் குழு 1984 இல் வெளியிட்டது. இன்று பல் ஆய்வுகளில் கையாளப்படும் 2001 ஆம் ஆண்டுச் சூத்திரம் அந்தப் பரம்பரையில் வந்தது. கல்முனைக்கு வடக்கே ஒட்டியிருக்கும் மருதமுனையில் சாரமும் சேலையும் நெய்கிற ஒருவரிடம் இதைச் சொன்னால் வியக்கமாட்டார். இரண்டு கழி நூல் ஒரே நிறமா என்று பார்க்க அவற்றை வாசலுக்கு எடுத்துவந்து பிடிப்பது அவருக்கு அன்றாட வேலை.

எவ்வளவு தூரம் வரை கண் பொறுத்துக்கொள்ளும்? 2015 இல் பராவினாவும் சக ஆய்வாளர்களும் ஏழு ஆய்வு மையங்களில் 175 பேரை வைத்துக் கேட்டார்கள். வைத்தியர்கள், மாணவர்கள், தொழில்நுட்பவியலாளர்கள், பாமரர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பழைய சீலேப் சூத்திரப்படி 1.2 என்ற தூரத்தில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரிந்தது. 2.7 வரை பாதிப் பேர் பரவாயில்லை என்று ஏற்றார்கள். புதிய சூத்திரத்தில் இந்த எண்கள் 0.8, 1.8. இந்த 2.7 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வருவதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

கருவிக்கு ஆதரவாக அதிகம் காட்டப்படும் ஆய்வு 2002 இல் பாலும் சகாக்களும் செய்தது. 30 நோயாளிகளின் மேல் முன்பல்லை மூன்று வைத்தியர்கள் தனித்தனியே கண்ணால் பார்த்து நிறம் சொன்னார்கள். மூவரும் ஒரே விடைக்கு வந்தது 26.6 சதவீதத்தில் மட்டும். அதே பல்லைக் கருவி மூன்று முறை அளந்தபோது 83.3 சதவீதத்தில் மூன்றும் ஒத்தன. வித்தியாசம் பெரிது. ஆனால் இந்த ஆய்வு காட்டுவது கருவி தன்னோடு முரண்படாது என்பதை. அது பல்லோடு உடன்படுகிறதா என்பது இன்னொரு கேள்வி. கோளாறான தராசு ஒவ்வொரு தடவையும் 50 கிராம் குறைத்தே காட்டினால், அது முரண்படாத தராசுதான்.

இந்த இரண்டையும் பிரித்து அளந்தது 2009 இல் கிம்-புசாடெரியும் சகாக்களும் செய்த ஒப்பீடு. நான்கு கருவிகள். ஒரே மாதிரிப் பல்லைப் பத்து முறை அளந்து ஒரே விடை வருகிறதா என்பது ஒரு சோதனை. வெவ்வேறு கைட்டுகளிலிருந்து எடுத்த மாதிரிகளுக்கு அவற்றின் பெயரைச் சரியாகச் சொல்கிறதா என்பது அடுத்தது. ஷேட்விஷன் கருவி முதல் சோதனையில் 99 சதவீதம் எடுத்தது, இரண்டாவதில் 84.8க்கு இறங்கியது. ஸ்பெக்ட்ரோஷேட் 96.9இலிருந்து 80.2க்கு. ஷேட்ஸ்கான் 87.4இலிருந்து 66.8க்கு. வீட்டா ஈஸிஷேட் மட்டும் 96.4க்கும் 92.6க்கும் இடையில் அதிகம் தளரவில்லை. மாறாமல் சொல்வதில் முதலிடம் பெற்ற கருவி சரியாகச் சொல்வதில் முதலிடம் பெறவில்லை. விளம்பரத்தில் வரும் சதவீதம் இவற்றில் எது என்று யாரும் கேட்பதில்லை, விற்பவரும் தாமாகச் சொல்வதில்லை.

அதைவிட ஆழமான சிக்கல் சோதனையின் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே அளக்கப்பட்டவை மனிதப் பற்கள் அல்ல. கறுப்புப் பெட்டிக்குள், செயற்கை ஈறுக்கு நடுவே பொருத்திய பீங்கான் மாதிரிகள். ஏ2 என்று பெயர் குத்திய துண்டைக் காட்டி, ஏ2 என்ற விடையை எதிர்பார்க்கும் சோதனை. தன் பாடப்புத்தகத்திலிருந்தே கேட்ட கேள்விக்குக் கருவி நன்றாகப் பதில் சொன்னது. சோதனைக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மை. மனித வாயில் இருக்கும் பல்லுக்கு ‘சரியான விடை’ என்று எழுதிவைத்த சீட்டு எங்கும் கிடையாது. ஆனால் அந்த 92.6ஐ அப்படியே எடுத்து, நோயாளியின் வாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு உறை பொருந்திப்போகும் என்று படிப்பது பிழையான வாசிப்பு.

இதற்குப் பக்கத்தில் 2007 இல் பயிந்திரும் சகாக்களும் கண்டதை வைத்துப் பார்க்கவேண்டும். அவர்கள் உயிருள்ள, வேலை எதுவும் செய்யப்படாத பற்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஷேட் கைட்டிலுள்ள மிக நெருங்கிய மாதிரி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 16 மாதிரிகள் கொண்ட பழைய வீட்டா கைட்டில் சராசரித் தூரம் ஏறத்தாழ 5.4. 3டி மாஸ்டரில் 3.9. கண் பொறுக்கும் எல்லையோ 2.7. ஆக, ஒரு பிழையும் செய்யாத, பத்துக்குப் பத்து முறை ஒரே விடை தரும், மிக நெருங்கிய மாதிரியையே தெரிவு செய்யும் கருவி ஒன்று இருந்தாலும், அது ‘ஏ2’ என்ற பெயரை மட்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், சராசரியாகப் பார்த்தால் அந்த உறை தெரியவே செய்யும். பிழை கருவியில் இல்லை. மிக நுணுக்கமாக அளந்த மூன்று எண்களை எடுத்து 16 பெட்டிகளில் ஒன்றுக்குள் திணிக்கும் கடைசி அடியில் இருக்கிறது. கருவியின் நம்பகத்தன்மை பற்றிய விவாதத்தில் இந்த அடி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பல் என்பது பீங்கான் துண்டு அல்ல என்பதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. பல்லின் மேற்பூச்சு அரைகுறையாக ஒளி கடத்தும். உள்ளே நுழைந்த ஒளி பக்கவாட்டில் சிதறி, கருவியின் சிறிய துவாரத்துக்கு வெளியே எங்கோ வெளிவந்துவிடுகிறது. அந்த ஒளி கருவிக்குக் கணக்கில் வராது. பல் உள்ளதைவிடக் கறுத்ததாகப் பதிவாகும். துவாரத்தின் அளவு பல்லின் நிற அளவீட்டை எப்படி மாற்றுகிறது என்பதை நெதர்லாந்தின் போல்ட், டென் போஷ், கூப்ஸ் ஆகியோர் 1994 இலேயே எழுதினார்கள். இப்போது புழங்கும் தொடுமுனைக் கருவிகளின் முனை சுமார் 5 மில்லிமீற்றர் அகலம். மேல் நடுப்பல் எட்டு மில்லிமீற்றருக்கு மேல் அகலமானது, அதனால் சமாளிக்கும். கீழ் முன்பல்லின் முழு அகலமே 5 மில்லிமீற்றர் அளவுதான். வளைந்த பரப்பில் முனை முழுதாகப் படியாது. விளிம்பில் வைத்தால் பின்னாலிருக்கும் வாயின் இருட்டு அளவில் கலக்கும், கழுத்தில் வைத்தால் ஈறின் சிவப்பு கலக்கும். நம் பக்கத்து வாய்களில் ஈறு கருநிறமாக இருப்பதும் சாதாரணம். ஆய்வுகளில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முனை படும்படி அச்சுத்தகடு செய்து வைத்துக்கொள்வார்கள். கிளினிக்கில் கை நடுக்கமும் நோயாளியின் எச்சில் விழுங்கலும்தான் அந்தத் தகடு.

ஈரம் அடுத்தது. பல் காய்ந்தால் வெளுக்கும். மேற்பூச்சின் நுண்துளைகளில் நீர் இருந்த இடத்தில் காற்று புகுவதால் ஒளி அதிகம் சிதறுகிறது. வாயைத் திறந்துவைத்த சில நிமிடங்களிலேயே இது தொடங்கிவிடும். அரைத்து, காற்றடித்து, அச்செடுத்து முடிப்பதற்குள் நன்றாகவே வெளுத்துவிடும். பழைய நிறம் திரும்ப நேரமாகும். ஆகவே வேலையெல்லாம் முடித்துக் கடைசியில் நிறம் எடுத்தால், கண்ணானாலும் கருவியானாலும் காய்ந்த பல்லின் நிறத்தையே பதிவுசெய்யும். அதன்படி செய்த உறை, மறுவாரம் ஈரமான அண்டைப் பற்களுக்கு நடுவே பளிச்சென்று துருத்திக்கொண்டு நிற்கும். நிறத்தை முதலில் எடுக்கவேண்டும் என்பது ஒரு சதமும் செலவில்லாத திருத்தம். விலையுயர்ந்த கருவி வாங்கிய இடங்களிலும் இது தவறுகிறது.

நம் ஊர்ப் பற்களுக்கென்று சில தனிக்குணங்களும் உண்டு. வெற்றிலை இங்கே வெறும் பழக்கம் மட்டுமல்ல, கல்யாண வீட்டு மரியாதை. பாக்கின் சாயமும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்து பல்லில் படியும் செம்பழுப்பு, மேலே ஒட்டிய கறையே தவிரப் பல்லின் சொந்த நிறம் அல்ல. நாளுக்குப் பல தடவை குடிக்கும் பிளேன்டீயும் தன் பங்குக்குச் சேர்க்கும். கருவி கறையையும் பல்லையும் பிரித்தறியாது. ஆய்வுகளில் அளப்பதற்கு முன் பல்லைத் துலக்கி மெருகேற்றிவிடுவது இதனால்தான். ஆனால் மெருகேற்றிய பல்லுக்குப் பொருந்தச் செய்த உறையை மாட்டிக்கொண்ட வாப்பா மறுபடி வெற்றிலை போடத் தொடங்கினால்? சொந்தப் பற்கள் ஆறு மாதத்தில் பழைய நிறத்துக்குப் போகும். மெருகூட்டிய பீங்கான் அந்த வேகத்தில் கறைபிடிக்காது. எந்த நிறத்துக்குப் பொருத்துவது என்பதை நோயாளியிடம் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கக் கருவிக்குத் தெரியாது.

உலர் வலயத்து நிலத்தடி நீரிலுள்ள புளோரைட் இன்னொன்று. வடமத்திய மாகாணத்தில் இது பல காலமாக அறியப்பட்ட பிரச்சினை. வர்ணகுலசூரியவும் சகாக்களும் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டின் நான்கு பகுதிகளில் 14 வயதுச் சிறுவர்களைப் பார்த்தபோது, லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைந்த புளோரைட் உள்ள நீரைக் குடித்தவர்களிலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒருவரிடம் இலேசான புளோரைட் தழும்பு இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 1.5 மில்லிகிராம். வெப்பநாட்டில் மனிதர் அதிகம் நீர் குடிப்பதால் அந்த எல்லை நமக்குப் பொருந்தாது என்பது அவர்களின் வாதம். கரையோர மணற் கிணறுகளின் நீர் உள்நாட்டுப் பாறைக் கிணறுகளின் நீரைப் போன்றதல்ல. ஆனால் கல்முனை கிளினிக்குக்கு வருகிறவர் எல்லோரும் கரையில் வளர்ந்தவர்களும் அல்ல. புளோரைட் தழும்புள்ள பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கீற்றும் ஒரே பல்லில் அடுத்தடுத்து இருக்கும். ஒரு புள்ளியை அளக்கும் தொடுமுனைக் கருவி அங்கே எந்தப் புள்ளியைச் சொல்கிறது? முழுப் பல்லையும் படமாக எடுத்து இடவாரியாக நிறவரைபடம் தரும் கருவிகள்தான் இத்தகைய பல்லுக்குப் பயன்படும். பல சமயங்களில் ஒரு நல்ல புகைப்படமே போதும்.

புகைப்படம் என்றதும் வட்ஸ்அப் வந்துவிடுகிறது. மாதிரித் துண்டைப் பல்லோடு ஒட்டிப் பிடித்துப் படமெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது கருவியில்லாத வைத்தியர்கள் தாமாகக் கண்டுகொண்ட வழி, நல்ல வழியும்கூட. கைத்தொலைபேசி தன் விருப்பத்துக்கு வெண்மையைச் சரிசெய்வதும், செயலி படத்தை நசுக்குவதும் குறைகள். ஆனால் மாதிரித் துண்டும் அதே படத்தில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே பிசகும். அவற்றுக்கிடையிலான வித்தியாசம் பெருமளவு தப்பிவிடும். நிறம் அளந்த சாம்பல் அட்டை ஒன்றையும் படத்தில் சேர்த்து, பளபளப்பை வெட்டும் துருவமாக்கி வடிகட்டி ஒன்றைக் கமெராவில் பொருத்தினால், அந்தப் படத்திலிருந்தே சீலேப் எண்களைக் கணக்கிட முடியும். சில ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் டொலர் விலை ஏறி இறக்குமதி முடங்கியபோது, புதிய கருவிக்குக் காத்திருப்பதைவிட இது நடைமுறைக்கு நெருங்கியதாக இருந்திருக்கும்.

வாய் ஸ்கேனர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடிவத்துக்கு நல்லவை. நிறத்துக்கு, அவை சொல்வதைக் கண்ணாலோ ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டராலோ ஒருமுறை சரிபார்க்கவேண்டும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் பொதுக்கருத்து.

இந்தக் கரையில் ஒரு உறை திரும்பச் செய்யப்படுவதன் விலையையும் கணக்கில் எடுக்கவேண்டும். வளைகுடாவிலிருந்து சில வார லீவில் வருகிறவர் முன்பல்லைச் சரிசெய்துகொண்டு திரும்பிப்போக நினைக்கிறார். அச்சு வெளியூர் ஆய்வுகூடத்துக்குப் போய் வரவேண்டும். நிறம் பிசகினால் மறுபடி அனுப்ப நாள் இருக்காது. பிசகிய உறையோடு விமானம் ஏறுவார். இப்படிப்பட்ட இடத்தில்தான் கருவி தன் விலைக்கு ஈடுசெய்ய முடியும். ஆனால் ‘ஏ2’ என்ற பெயரை மட்டும் அனுப்பினால் முடியாது. வெளிறு, சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று எண்கள், கழுத்து, நடு, விளிம்பு என்று மூன்று இடங்களில், மாதிரித் துண்டோடு எடுத்த படம், அளக்கும்போது பல் ஈரமாக இருந்ததா என்ற குறிப்பு, இவ்வளவும் சீட்டில் ஏறவேண்டும். உறை வந்ததும் ஒட்டுவதற்கு முன் அதே கருவியால் உறையையும் அளந்து பார்க்கலாம். ஒரே கருவி, ஒரே கை. கருவியின் நிலையான பிசகு இரண்டு அளவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் பெரும்பாலும் கழிந்துபோகும். மாறாமல் சொல்லும் குணம், சரியாகச் சொல்லும் குணத்தைவிட இங்கே அதிகம் உதவுகிறது. ஷேட்விஷனின் 99 சதவீதம் உண்மையில் பயன்படும் இடம் இது.

நம் ஊர்ப் பற்களை வைத்து, இந்தக் கரையிலேயே ஓர் ஆய்வு செய்வதற்குத் தேவையானவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். பேராதனைப் பல் மருத்துவ பீடம் பல தசாப்தங்களாக நாட்டின் பல் வைத்தியர்களை உருவாக்குகிறது. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் நோயாளிகளுக்குக் குறைவில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. ஒளியை அளக்கத் தெரிந்தவர்கள் அங்கே கிடைப்பார்கள். வெற்றிலை போடுகிறவர், போடாதவர், தழும்புள்ளவர் என்று பிரித்து, துலக்குவதற்கு முன்னும் பின்னும், ஈரமாகவும் காய்ந்தும் அளக்கவேண்டும். முடிவுகளை ஒப்பிடும்போது இரண்டு பொறிகளைத் தவிர்க்கவேண்டும். இரண்டு கருவிகளின் எண்கள் சேர்ந்து ஏறி இறங்குவது அவை உடன்படுகின்றன என்பதற்குச் சான்றல்ல என்று பிளாண்டும் ஆல்ட்மனும் 1986 இலேயே லான்செட்டில் காட்டிவிட்டார்கள். ஷேட் பெயர்களின் ஒற்றுமையைச் சாதாரணக் கப்பா என்ற புள்ளியியல் அளவால் கணித்தால், ஏ2ஐ ஏ3 என்று சொன்ன சின்னப் பிசகும் சி4 என்று சொன்ன பெரும் பிசகும் ஒரே தட்டில் விழும். எடைபோட்ட கப்பா வேண்டும், அல்லது பெயர்களையே விட்டுவிட்டு டெல்டா ஈயில் கணக்குப் பார்க்கவேண்டும். கருவியின் பெயரும் அதன் மென்பொருள் பதிப்பும் அறிக்கையில் இருக்கட்டும். பதிப்பு மாறினால் அதே பல்லுக்கு விடையும் மாறலாம்.